‘கருத்துச் சொல்லுங்கள்’ என்று தொடங்கிய வரலாறு

 

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை எல்லாம் முடிந்து ஓய்வாக இருக்கும்போது வாசியுங்கள். கம்பியூட்டர் படித்த பிள்ளைகள் இருக்கிற வீட்டார் கட்டாயம் வாசியுங்கள். ஏன் என்பது முடிவில் விளங்கும்.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். மன்னர்களையும் உடன்படிக்கைகளையும் பற்றித்தான் இங்கே வழமையாக எழுதுவேன். இன்றைக்கு எழுதப்போவதும் வரலாறுதான். ஆனால் இது கணினித் தொழிலில் இருந்தவர்கள் எழுதி வைத்த எழுத்தின் வரலாறு. இதற்குள் நான் வந்து விழுந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கட பாடசாலையில் பல வருடங்களாகப் பதினோராம் தரப் பிள்ளைகளை வைத்து ஒரு வேலை செய்து வந்தேன். 1978 நவம்பர் 23ஆம் திகதி கிழக்கு மாகாணத்தை அடித்த சூறாவளியைக் கண்ணால் கண்ட மூத்தவர்களிடம் பிள்ளைகள் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். நான் அதை இரவில் தட்டச்சு செய்து வைப்பேன். மொத்தம் 38 பேர். கரைவலைக்காரர்கள், வயல் செய்தவர்கள், நெசவு நெய்த உம்மாமார், ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். அவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் இன்று நம்மோடு இல்லை. பிள்ளைகள் எழுதிய கொப்பிகளும் கறையான் தின்று போய்விட்டன. ஆகவே அந்தக் கணினிக் கோப்புகள்தான் மிச்சம்.

கடந்த பெருநாள் விடுமுறையில் என்னுடைய பழைய மடிக்கணினி ஒரேயடியாக நின்றுபோனது. வன்தட்டைக் கழற்றி ஒரு கடையில் கொடுத்தேன். கோப்புகள் எல்லாம் வந்தன. ஆனால் தொலைபேசியில் திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து, அர்த்தமில்லாமல் பக்கம் பக்கமாக நின்றது. “ஃபைல் பழுதாப் போயிட்டு சேர், இனி ஒன்றும் செய்ய ஏலாது” என்றார் கடைக்காரத் தம்பி. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. 38 பேரும் என்னை நம்பிச் சொன்னவர்கள்.

இரண்டு நாள் கழித்து என்னிடம் படித்த மாணவர் ஒருவர் ஸலாம் சொல்ல வந்தார். கொழும்பில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. கோப்பைக் காட்டினேன். பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“சேர், ஃபைலுக்கு ஒன்றுமில்ல. இது பாமினி.”

விளக்கம் இதுதான். நாம் எல்லோரும் வினாத்தாள் அடித்த பாமினி எழுத்துரு உண்மையில் கணினிக்குத் தமிழைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆங்கில எழுத்துக்கு மேலே தமிழ் உருவத்தை ஒட்டி வைத்தது. நாம் ‘அ’ என்று அடிப்பது கணினியின் கணக்கில் ஆங்கில ‘எம்’. ‘ம’ என்பது ‘கே’. குற்று என்பது அரைப்புள்ளி. அரவு என்பது ‘எச்’. ஆகவே ‘அம்மா’ என்று நாம் எழுதியது கணினிக்குள்ளே ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்றுதான் கிடக்கும். பாமினி இல்லாத இடத்தில் திறந்தால் ஒட்டிய உருவம் கழன்றுவிடும். உள்ளே கிடந்தது வெளியே தெரியும். யுனிகோட்டில் அப்படி இல்லை. அங்கே ‘அ’வுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான சொந்த இலக்கம் உண்டு, 2949. எந்தக் கருவியில் திறந்தாலும் அது ‘அ’தான்.

மாணவர் இணையத்தில் இருந்த ஒரு மாற்றியைத் திறந்து, ஒரு பக்கத்தை அதில் ஒட்டி, பொத்தானை அழுத்தினார். கரைவலைக்காரர் ஒருவரின் பேச்சு எனக்கு முன்னால் தமிழாக வந்து நின்றது. அவர் மௌத்தாகிப் பல வருடங்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“இந்த மாற்றியை ஆர் மகன் செய்தது?”

“யாரோ செய்து இணையத்தில போட்டு வச்சிருக்காங்க சேர்.”

அந்த ‘யாரோ’ என்ற சொல் என்னை விடவில்லை. யார் அந்த யாரோ? கூலி இல்லாமல், கேட்பார் இல்லாமல், தனக்குத் தெரிந்ததை எழுதி உலகத்துக்கு முன்னால் வைக்கிற வழக்கம் இந்தத் தொழிலுக்கு எங்கிருந்து வந்தது? தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததில் நம்பகமானவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

1968, 1969ஆம் ஆண்டுகள். ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புத் திணைக்களத்துக்குக் கீழிருந்த ஆர்ப்பா என்ற ஆராய்ச்சி முகவரகம், தூரத் தூர இருக்கும் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கப் பணம் ஒதுக்கியது. முதலில் நான்கு இடங்கள்: லொஸ் ஏஞ்சல்ஸிலும் சாந்தா பார்பராவிலும் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகங்கள், ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனம், யூட்டா பல்கலைக்கழகம். நான்கு இடத்திலும் நான்கு வகைக் கணினி. ஒன்றின் பாசை மற்றதற்குத் தெரியாது. இவை எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று யோசிக்கும் வேலை பட்டப்பின்படிப்பு மாணவர்கள் சிலரின் தலையில் விழுந்தது. அவர்களில் ஒருவர் ஸ்டீவ் குரொக்கர்.

அவர்கள் கூடிப் பேசினார்கள். பேசியதை எழுதி வைக்க வேண்டிய நேரம் வந்தது. அங்கேதான் சிக்கல். தாங்கள் வெறும் மாணவர்கள். பெரிய பேராசிரியர்களும் நிபுணர்களும் எங்கிருந்தோ வந்து இறங்கி, “இதை எழுத நீங்கள் யார்?” என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். குரொக்கர் அந்த நாட்களில் நண்பர்களின் வீட்டில் தங்கியிருந்தார். இரவில் அவர்களின் நித்திரையைக் கெடுக்கக்கூடாது என்று குளியலறையில் இருந்து முதற் குறிப்பை எழுதினார். பிற்காலத்தில் அவரே சொன்ன தகவல் இது.

குறிப்புக்கு என்ன பெயர் வைப்பது? ‘சட்டம்’ என்றோ ‘நியமம்’ என்றோ வைத்தால் துணிச்சலாகத் தெரியும். ஆகவே மிகவும் பணிவான ஒரு பெயரைத் தெரிவு செய்தார்: கருத்துக் கேட்கும் குறிப்பு. ஆங்கிலச் சுருக்கம் ஆர்.எஃப்.சி. முதலாம் இலக்கக் குறிப்பின் திகதி 1969 ஏப்ரல் 7. வலையமைப்பு இன்னும் பிறக்கவில்லை, ஆகவே பிரதிகள் தபாலில் போயின. அதே மாதம் வந்த மூன்றாம் இலக்கக் குறிப்பில், எப்படி எழுத வேண்டும் என்று ஒழுங்கு சொன்னார்கள். அந்த ஒழுங்கை வாசித்துவிட்டு ஆசிரியனான நான் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

என்ன ஒழுங்கு தெரியுமா? யாரும் எழுதலாம். எண்ணம் முழுமையாக இருக்கத் தேவையில்லை. முன்னுரை இல்லாமல் நேரே விடயத்துக்கு வரலாம். விடை தெரியாத கேள்வியை மட்டும் எழுதினாலும் ஏற்போம். ஆகக் குறைந்த நீளம் ஒரே ஒரு வசனம். காரணத்தையும் எழுதினார்கள். எழுத்தில் வந்துவிட்டாலே அது இறுதி முடிவு என்று எண்ணுகிற பழக்கம் மனிதருக்கு இருக்கிறது. செம்மையாகாத ஒன்றை வெளியிடக் கூச்சமும் இருக்கிறது. இந்த இரண்டையும் தளர்த்த வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம்.

அந்த வருடம் ஒக்டோபர் 29ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஸ்டான்போர்டுக்கு முதற் செய்தி போனது. ‘லொகின்’ என்ற சொல்லை அனுப்பப் பார்த்தார்கள். முதலிரண்டு எழுத்துப் போனதும் கணினி விழுந்துவிட்டது. திருத்திக்கொண்டு மீண்டும் அனுப்பினார்கள்.

குறிப்புகளின் வரிசை நிற்கவில்லை. ஜொன் போஸ்டல் என்பவர் 1998இல் இறக்கும் வரை ஏறத்தாழ முப்பது வருடம் அவற்றைத் தொகுத்தார். நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலின் ஒழுங்கு, 1982இல் அவர் எழுதிய 821ஆம் இலக்கக் குறிப்பின் வழி வந்தது. இணைய முகவரிகளுக்குப் பெயர் வைக்கும் முறை 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் எழுதிய குறிப்புகளில் பிறந்தது. இன்று அந்த வரிசை ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒரு நல்ல வழக்கம் மட்டும் மாறவில்லை: வெளிவந்த குறிப்பைப் பிறகு தொடமாட்டார்கள். பிழை இருந்தால் புதிய இலக்கத்தில் புதிய குறிப்பு வரும். பழையது பழையபடியே இருக்கும். யார் எப்போது என்ன நினைத்தார்கள் என்று பின்னால் வருகிறவர் படிப்படியாகப் பார்க்கலாம். வரலாறு படிப்பிக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி 1989க்கு வருவோம். ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையமான சேர்ன், சுவிட்சர்லாந்து-பிரான்ஸ் எல்லையில் இருக்கிறது. அங்கே பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள், போவார்கள். போகிறவரோடு தகவலும் போய்விடும். டிம் பெர்னர்ஸ்-லீ என்ற கணினியாளர் இதற்கு ஒரு வழியை எழுதித் தன் மேலதிகாரியிடம் கொடுத்தார். திட்டம் தெளிவில்லை, ஆனாலும் ஆர்வமூட்டுகிறது என்ற கருத்தில் அவர் ஒரு வரி குறித்து வைத்தார். 1990 முடிவில் உலகின் முதல் இணையத்தளம் அங்கே இயங்கியது. அது எதைப் பற்றியது? இணையத்தளம் என்றால் என்ன, எப்படிச் செய்வது என்பதைப் பற்றியது. செய்தவரே செய்முறையை எழுதி வைத்தார். 1991 ஓகஸ்ட் 6ஆம் திகதி, ஆர்வமுள்ளோர் கூடும் ஒரு செய்திக்குழுவில் தன் வேலையை அறிவித்து மற்றவர்களையும் கூப்பிட்டார். 1993 ஏப்ரல் 30ஆம் திகதி சேர்ன் அதை எல்லோருக்கும் இலவசமாக விட்டுக்கொடுத்தது.

அதே 1991 ஓகஸ்ட்டில், 25ஆம் திகதி, பின்லாந்தில் ஹெல்சின்கியில் 21 வயது மாணவர் ஒருவர் இன்னொரு செய்திக்குழுவில் எழுதினார். நான் ஓர் இயக்க முறைமை செய்துகொண்டிருக்கிறேன், பொழுதுபோக்குக்குத்தான், பெரிதாக வராது, உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்லுங்கள் என்பது அதன் சாரம். அவர் லினஸ் டோர்வால்ட்ஸ். பெரிதாக வராது என்று அவர் சொன்ன லினக்ஸ்தான் இன்று உங்கள் கையிலிருக்கும் அன்ட்ரொய்ட் தொலைபேசியின் அடித்தளம்.

1997 தொடக்கம் தொழில்நுட்பக்காரர் சிலர் தங்கள் பக்கங்களில் தினக்குறிப்புப் போல எழுதத் தொடங்கினார்கள். 1999இல் வந்த புளொகர் என்ற சேவை, தளம் கட்டத் தெரியாதவரையும் எழுத வைத்தது. 2003 ஜனவரியில் அமெரிக்காவில் மற் முல்லன்வெக் என்ற 19 வயதுப் பையன் ஒரு குறை எழுதினான். தான் எழுதப் பாவிக்கும் மென்பொருளைச் செய்தவரைக் காணவில்லை, அதைத் தொடர்ந்து செய்ய வேண்டும், ஆராவது சேர்வீர்களா என்பது விடயம். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் என்பவர் கீழே ஒரு பதில் போட்டார். அந்த வருடம் மே 27ஆம் திகதி இருவரும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். இன்று உலகத்து இணையத்தளங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அதில்தான் ஓடுகிறது. ஒரு குறை, ஒரு பதில். இரண்டும் எழுதப்பட்டிருந்ததால் நடந்தது.

சரி, அமெரிக்காவும் ஐரோப்பாவும் இருக்கட்டும். தமிழுக்கு யார் செய்தது?

இங்கே எனக்கு மிகவும் பிடித்தவர் ஓர் ஆசிரியர். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி. பள்ளி ஆசிரியராக இருந்து பின்னர் ஆசிரியர்களுக்கே பாடம் சொல்லும் விரிவுரையாளரானவர், சிறுகதை எழுத்தாளர். 1995 ஒக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றியபோது தமிழ்ப் பகுதியின் பின்னால் நின்றவர். இணையத்தில் தமிழ் ஏறிய ஆரம்ப நாட்களில் இது முக்கியமான நாள். 1999இல் அவர் காலமானார்.

சுவிட்சர்லாந்தின் லோசானில் இரசாயனவியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், தமிழ் எழுத்துரு செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலோடு மதுரைத் திட்டத்தைத் தொடக்கினார். பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றும் திட்டம் அது. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைச் செய்தார், பின்னர் கைத்தொலைபேசிக்குச் செல்லினம் கொண்டுவந்தார். ஒருவரை ஒருவர் நேரில் காணாத பல நாட்டவர்கள் மின்னஞ்சலிலேயே வாதாடி, டிஸ்கி என்ற தமிழ்க் குறியீட்டு முறையை 1990களின் முடிவில் உருவாக்கினார்கள். இதுவும் அந்தக் ‘கருத்துச் சொல்லுங்கள்’ வழிதான்.

என் கோப்புகளைத் தமிழாக்கித் தந்தது போன்ற மாற்றிகளின் வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவரின் பெயர் முன்னால் நிற்கிறது. ஜேர்மனியில் குடியேறிய சுரதா யாழ்வாணன். அவருடைய பொங்குதமிழ் மாற்றி பாமினியையும் இன்னும் பல குறியீடுகளையும் யுனிகோட்டாக்கித் தந்தது. எத்தனை அலுவலகங்களும் பாடசாலைகளும் அதைப் பாவித்திருக்கும், எத்தனை பேர் அவர் பெயரை அறிவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதேபோல் இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே தமிழ் விக்கிப்பீடியாவை 2003 முதல் கட்டி எழுப்பினார். வேலைக்குப் போய் வந்த பிறகு, மிஞ்சிய நேரத்தில், ஆயிரக்கணக்கான கட்டுரைகள். 2005இல் நம் நாட்டு இளைஞர்கள் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகத்தில் பல்லாயிரம் இலங்கைத் தமிழ் ஆவணங்கள் இருக்கின்றன. நம்முடைய முஸ்லிம் எழுத்தாளர்களின் பழைய நூல்களையும் அங்கே வாசிக்கலாம்.

‘தொழில் வேறு, எழுத்து வேறு’ என்று சொல்கிறவர்களுக்கு நம் சமூகத்திலேயே ஒரு விடை இருக்கிறது. அறிஞர் சித்திலெப்பை தொழிலால் சட்டத்தரணி. கண்டியில் வழக்குப் பேசிக்கொண்டிருந்தவர். அவர் நினைத்திருந்தால் உழைத்துச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தமிழில் தொடக்கினார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்ற நாவலை வெளியிட்டார். அந்தக் காலத்தின் புதிய தொழில்நுட்பம் அச்சு இயந்திரம். தான் படித்ததைத் தன் சனத்தின் மொழியில், தன் காலத்துக் கருவியில் கொடுத்தார். அந்தப் பத்திரிகை இல்லாவிட்டால் அந்தக் காலத்து இலங்கை முஸ்லிம்கள் என்ன பேசினார்கள், எதற்காக வாதாடினார்கள் என்பதில் எவ்வளவு நமக்குத் தெரிந்திருக்கும்?

இனிமேல் என் மாணவரிடம் திரும்பி வருகிறேன்.

அந்த மாற்றி எல்லாவற்றையும் சரியாகத் தரவில்லை. என் கோப்புகளில் இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தன. அவற்றையும் அது பாமினி என்று எண்ணித் தமிழாக்கிவிட்டது. திகதி பக்கத்தில் நான் ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயர் எல்லாம் விசித்திரமான தமிழாய் வந்தது. மாணவர் அன்று இரவே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வேர்ட் கோப்புக்குள் ஒவ்வொரு துண்டு எழுத்துக்கும் அது என்ன எழுத்துரு என்ற பெயர் பதிந்திருக்குமாம். அந்தப் பெயரைப் பார்த்து, பாமினியில் உள்ள துண்டுகளை மட்டும் மாற்றி, ஆங்கிலத் துண்டுகளைத் தொடாமல் விடும்படி சின்னதொரு நிரல் எழுதினார். 38 கோப்புகளும் ஸுபஹுக்கு முன்னர் முடிந்துவிட்டன. அல்ஹம்துலில்லாஹ்.

“மகன், நீங்க செய்த இந்த முறையை எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?”

“இதென்ன சேர் பெரிய விசயமா? என்னை விடத் தெரிஞ்சவங்க எத்தனை பேர் இருக்காங்க. நான் எழுதி, பிழைச்சிப் போனா, கம்பனியில உள்ளவங்க பார்த்துச் சிரிப்பாங்க.”

1969இல் குரொக்கருக்கு வந்த அதே பயம், அதே கூச்சம்! ஐம்பது வருடத்துக்குப் பிறகு, எங்கட ஊர் விறாந்தையில். நான் அவருக்கு மூன்றாம் இலக்கக் குறிப்பின் கதையைச் சொன்னேன்.

பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். எழுத்தால் வேலை போனவர்களும் உண்டு. 2002இல் அமெரிக்காவில் இணையத்தள வடிவமைப்பாளராக இருந்த ஹீதர் ஆம்ஸ்ட்ரோங், தன்னோடு வேலை செய்கிறவர்களைப் பற்றி இணையத்தில் கேலியாக எழுதியதால் வேலையை இழந்தார். ஆகவே பிள்ளைகள் ஒரு வேலியைப் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். நிறுவனத்தின் இரகசியம், வாடிக்கையாளரின் தகவல், கூட வேலை செய்கிறவரின் குறை, இந்த மூன்றும் எழுத்துக்கு வரக்கூடாது. தான் கற்றது, தான் திருத்தியது, தான் பிழைவிட்டது, இந்த மூன்றும் வரலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கே எழுதுகிறோம் என்பதும் முக்கியம். ஜியோசிற்றீஸ் என்று ஓர் இலவச இடம் இருந்தது. ஆரம்ப காலத்தில் இலட்சக்கணக்கானோர் தங்கள் பக்கங்களை அங்கேதான் வைத்திருந்தார்கள். 2009 ஒக்டோபரில் அதன் உரிமையாளர் கதவைப் பூட்டினார். சில ஆர்வலர்கள் ஓடிப்போய்ப் பிரதி எடுத்ததால் ஒரு பகுதி தப்பியது. வாடகை வீட்டில் கிணறு வெட்டினால் இப்படித்தான். இந்தப் பதிவை முகநூலில் போடுகிற எனக்கும் இது பொருந்தும் என்பது தெரியும். ஆறு மாதம் முன்னர் நானே போட்ட பதிவை நானே தேடி எடுக்கக் கஷ்டப்படுகிறேன். ஆகவே எழுதியதன் பிரதி ஒன்று யுனிகோட்டில், நம் கையில் இருக்க வேண்டும்.

மாணவர் கொழும்புக்குப் போனார். இரண்டு கிழமை கழித்து ஓர் இணைப்பு அனுப்பினார். பாமினிக் கோப்புகளை மாற்றும் முறை, தமிழில், இரண்டு பக்கம். தலைப்புக்குக் கீழே திகதி. கடைசி வரி: திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

நான் அதை அச்செடுத்து ஆசிரியர் அறையில் ஒட்டினேன். அடுத்த நாளே இரண்டு ஆசிரியைகள் தங்கள் பழைய வினாத்தாள்களோடு வந்தார்கள். நான்காம் நாள் புத்தளத்திலிருந்து ஓர் ஆசிரியை மாணவருக்கு எழுதியிருந்தார். அவருடைய கோப்பில் பாதி மாறவில்லை. ஏன் என்று பார்த்தால், சில கணினிகளில் அந்த எழுத்துருவின் ஆங்கிலப் பெயரில் ‘ஏ’ ஒன்று, சிலவற்றில் ‘ஏ’ இரண்டு. மாணவரின் நிரல் ஒன்றைத்தான் தேடியது. அவர் முதற் குறிப்பை அழிக்கவில்லை. இரண்டாவது குறிப்பு எழுதி, பிழையைச் சொல்லித் திருத்தி, காட்டித் தந்தவருக்கு நன்றியும் எழுதியிருந்தார். கம்பனியில் சிரித்தார்களா என்று கேட்டேன். “இல்ல சேர், கூட வேலை செய்ற ஒருத்தர் அவங்கட வாப்பாட பழைய கடிதங்களை மாத்தித் தரச் சொல்லிக் கேட்டார்” என்றார்.

இதுதான் நான் சொல்ல வந்தது.

எங்கட ஊரில் இன்று எத்தனை வீட்டில் மென்பொருள் பொறியியலாளர்கள், வலையமைப்பு வேலை செய்கிறவர்கள், தொலைபேசி திருத்துகிறவர்கள், கட்டாரிலும் துபாயிலும் கணினிப் பிரிவில் இருக்கிறவர்கள்! அவர்களின் தலைக்குள் இருப்பது அவர்களோடேயே போய்விடுகிறது. சாதாரண தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் தமிழில் படிக்கிற பிள்ளை ஒரு சந்தேகத்தைத் தமிழில் தேடினால் கிடைப்பது மிகக் குறைவு. கிடைப்பதும் பெரும்பாலும் நம் பாடத்திட்டத்தோடு பொருந்தாது. ஆங்கிலத்தில் நிறைய இருக்கிறது, படிக்கட்டும் என்பீர்கள். படிக்கத்தான் வேண்டும். ஆனால் முதற் படியில் கை கொடுக்க ஆளில்லாமல் எத்தனை பிள்ளை திரும்பிப் போகிறது என்பதை வகுப்பில் நிற்கிறவன் அறிவான்.

ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, மாதத்துக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். ஒரு வசனம் என்றாலும் சரி என்று இணையத்தைக் கட்டியவர்களே சொல்லியிருக்கிறார்கள். திகதி போடுங்கள். பெயர் போடுங்கள். பிழைத்தால் அழிக்காமல் திருத்துங்கள். பேச்சுத் தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, எழுத்துப் பிழை பார்த்துத் தர நான் இருக்கிறேன். கூலி தேவையில்லை, ஒரு பிளேன்டீ போதும்.

இனி என் பக்கத்து வேலை. அந்த 38 பேரின் சூறாவளி நினைவுகளை இணையத்தில் ஏற்ற எண்ணியிருக்கிறேன். அதற்கு முன்னர் ஒவ்வொரு குடும்பத்தின் சம்மதமும் வேண்டும். உங்கள் மூத்தம்மாவோ வாப்பாவோ எங்கள் பிள்ளைகளிடம் பேசியிருந்தால், இன்ஷா அல்லாஹ், வரும் வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு வீடு தேடி வருவேன். அச்சுப்பிரதி கொண்டு வருவேன், வாசித்துக் காட்டுவேன். வேண்டாம் என்று நீங்கள் சொல்வதை ஏற்றமாட்டேன். நான் எழுதியதில் பிழை இருந்தால் அங்கேயே சொல்லுங்கள்.

கீழேயும் சொல்லலாம். கருத்துச் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.